ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது எப்படி, எப்போது நிறுத்தவே கூடாது

ஏதோ ஒரு மென்பொருளை நிறுவப் போகிறீர்கள், பாதியில் நின்றுவிடுகிறது. அல்லது இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு நொடி தெரிந்துவிட்டுக் காணாமல் போகிறது. யாரைக் கேட்டாலும் "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டுப் போடு" என்கிறார்கள். இந்த யோசனை சில சமயம் சரி, பல சமயம் தேவையே இல்லை, சில சமயம் பெரிய ஆபத்து. எந்த நேரத்தில் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், மற்றபடி ஐந்து நிமிட வேலைதான்.

விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டுக் கணினியை வைத்துச் சொல்கிறேன். தனியாகக் காசு கொடுத்து எதையும் வாங்கிப் போடவில்லை என்றால் உங்களிடம் இருப்பது விண்டோசோடு சேர்ந்தே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர், அதனால் அதைத்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம். குயிக் ஹீல், கே7, நார்ட்டன் மாதிரி வேறு ஏதாவது போட்டிருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

முதலில், தடுத்தது யார்?

இதைப் பார்க்காமலேயே பலர் ஆன்டிவைரஸை நிறுத்தப் போய்விடுகிறார்கள். திரையில் நீலப் பெட்டி ஒன்று வந்து "விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி" என்று சொன்னால் அது ஆன்டிவைரஸ் இல்லை, ஸ்மார்ட்ஸ்கிரீன் என்கிற வேறு ஒரு வசதி. அதிகம் பேர் பயன்படுத்தாத, விண்டோசுக்குப் பழக்கமில்லாத ஃபைலாக இருந்தால் அது எச்சரிக்கும். அதில் "மோர் இன்ஃபோ" என்பதை அழுத்தினால் "ரன் எனிவே" என்ற பட்டன் தோன்றும். ஃபைல் நல்ல இடத்திலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அழுத்தித் தொடரலாம். ஆன்டிவைரஸை ஆஃப் செய்து வைத்தாலும் இந்தப் பெட்டி வரத்தான் செய்யும்.

இறக்கும்போதே குரோமோ எட்ஜோ "இது ஆபத்தான ஃபைல்" என்று நிறுத்தினால் அது பிரவுசரின் வேலை. மென்பொருள் ஒழுங்காக நிறுவப்பட்டு, ஆனால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றால் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" என்பதை யாரோ ஆன் செய்து வைத்திருக்கலாம். பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர்களிடமிருந்து ஃபோல்டர்களைக் காக்கும் வசதி அது. அதிலேயே குறிப்பிட்ட மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். இன்னும் சில நேரம் விஷயம் இதைவிடச் சின்னது: செட்டப் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தாலே வேலை முடிந்துவிடும்.

இதெல்லாம் இல்லை, டிஃபெண்டர்தான் தடுத்தது என்றால் அது கட்டாயம் எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட்டை அழுத்தி "விண்டோஸ் செக்யூரிட்டி" என்று தட்டச்சு செய்து திறங்கள். "வைரஸ் & திரெட் புரொடெக்‌ஷன்" உள்ளே போய் "புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி"யைச் சொடுக்குங்கள். எந்த ஃபைல், எந்த நேரம், என்ன பெயரில் பிடிபட்டது, எவ்வளவு தீவிரம் என்பதெல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அங்கே உங்கள் ஃபைலைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால் சிக்கல் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது.

பிடிபட்ட பெயரைப் படியுங்கள்

இந்த ஒரு வரியில் நிறைய தகவல் இருக்கிறது, ஆனால் யாரும் படிப்பதில்லை. பெயர் "பியுஏ" என்று தொடங்கினால் அது வைரஸ் என்று பொருள் இல்லை. விளம்பரம் காட்டுகிற, கேட்காமல் வேறு மென்பொருளைக் கூடவே போடுகிற, தேவையற்ற ரகம். "ஹேக்டூல்" என்று தொடங்கினால் பெரும்பாலும் விண்டோசையோ ஆபீசையோ திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கருவி. பெயர் "டிரோஜன்" என்று தொடங்கி, கடைசியில் ஆச்சரியக்குறி போட்டு "எம்எல்" என்று முடிந்தால், இயந்திரக் கற்றல் முறையில் டிஃபெண்டர் ஊகித்துச் சொல்கிறது என்று அர்த்தம். இந்தக் கடைசி வகையில்தான் நல்ல ஃபைல்களும் அவ்வப்போது மாட்டிக்கொள்கின்றன. அதற்காக "எம்எல்" என்று பார்த்தவுடனே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அசல் வைரஸ்களையும் அதே வழியில்தான் அது பிடிக்கிறது.

நம்மவர்களுக்கு இது அடிக்கடி வருவது தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில். நீங்கள் ஆங்கில எழுத்துகளில் "amma" அடித்தால் அது "அம்மா" ஆக வேண்டும் என்றால், அந்த மென்பொருள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் திருடும் கீலாகர்கள் செய்வதும் அச்சு அசலாக அதையேதான். ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. தனி ஒருவர் ஆர்வத்தில் எழுதி இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள்களில் தயாரித்தவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பமும் பெரும்பாலும் இருக்காது, அந்தச் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும் என்பதால். ஒரு வழி சொல்கிறேன்: தமிழ் 99 விசைப்பலகையும் ஒலிப்பு முறை விசைப்பலகையும் விண்டோசிலேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும், வெளியிலிருந்து எதையும் இறக்கவும் வேண்டாம், ஆன்டிவைரஸோடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

ஃபைலை நம்பலாமா என்று பார்ப்பது

எங்கிருந்து இறக்கினீர்கள் என்பதுதான் பாதிக் கேள்வி. தயாரித்தவரின் சொந்தத் தளமா, அல்லது தேடலில் முதலில் வந்த, பக்கம் முழுக்கப் பச்சை நிற டவுன்லோட் பட்டன்களாக இருக்கும் தளமா? இரண்டாவது என்றால் அந்த ஃபைலை அழித்துவிட்டுச் சரியான இடத்திலிருந்து மறுபடி இறக்குங்கள், பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து, ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ். "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" என்று ஒரு டேப் இருந்தால் யார் கையொப்பம் என்று பாருங்கள். பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு சேர்ந்து வேலை செய்ய வைக்கும் மென்பொருள்) என்றால் அந்தப் பிரிண்டர் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் மென்பொருள் என்று சொல்லிக்கொண்டு கையொப்பமே இல்லாமல் வந்தால் அதை நம்பாதீர்கள்.

அப்புறம் வைரஸ்டோட்டல். கூகுள் 2012-இல் வாங்கிய இந்தத் தளத்தில் ஃபைலை ஏற்றினால் சுமார் 70 ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பெயர் கேள்விப்படாதவை, சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். இருபது முப்பது காட்டினால் பேச்சுக்கே இடமில்லை, அழித்துவிடுங்கள். ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: அங்கே ஏற்றும் ஃபைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் போகும், அதனால் செட்டப் ஃபைலை ஏற்றலாம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல் போன்றவற்றை ஏற்றவே கூடாது.

முழுதாக நிறுத்தாமல் ஒரு ஃபைலை மட்டும் அனுமதிப்பது

பலருக்கும் புரியாத இடம் இது. டிஃபெண்டர் ஒரு ஃபைலைப் பெயர் சொல்லிப் பிடித்துவிட்டது என்றால், ஆஃப் செய்துவிட்டு அதை நிறுவுவதால் பெரிதாகப் பலன் இல்லை. திரும்ப ஆன் ஆனதும், அந்த மென்பொருளைத் திறந்த நிமிடமே மறுபடி பிடித்துத் தூக்கிவிடும். நீங்கள் மறுபடி ஆஃப் செய்வீர்கள், மறுபடி தூக்கும், கடைசியில் வெறுத்துப்போய் நிரந்தரமாகவே நிறுத்தி வைத்துவிடுவீர்கள். நிறைய வீட்டுக் கணினிகள் பாதுகாப்பே இல்லாமல் ஓடுவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

அதனால் ஃபைல் நல்லது என்று உறுதியானால், புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அந்த வரியைத் திறந்து, "ஆக்‌ஷன்ஸ்" என்பதில் "ரிஸ்டோர்" அல்லது "அலோ" கொடுங்கள். அந்த ஒன்றை மட்டும் அது விட்டுவிடும், மற்ற எல்லாவற்றையும் வழக்கம்போலக் காவல் காக்கும். பிறகு மனம் மாறினால் "அலோவ்டு திரெட்ஸ்" பட்டியலுக்குப் போய் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆஃப் செய்ய வேண்டிய நேரம்தான் எது? ஃபைலைப் பெயர் சொல்லிப் பிடிக்கவில்லை, ஹிஸ்டரியிலும் ஒன்றும் இல்லை, ஆனால் நிறுவல் பாதியில் தொங்குகிறது; வருமானவரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரோ, பழைய பிரிண்டரின் டிரைவரோ ஏற மறுக்கிறது; தயாரித்தவரின் வழிகாட்டியே நிறுவும்போது ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறது. இந்த மாதிரி இடங்களில் சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பது சரிதான். காரணம் ஆன்டிவைரஸா இல்லையா என்பதாவது தெளிவாகிவிடும். வேகத்துக்காக, கேமுக்காக, ஃபோட்டோ காப்பி செய்வதற்காக என்றெல்லாம் ஆஃப் செய்யாதீர்கள், கிடைக்கும் லாபம் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

டிஃபெண்டரை நிறுத்துவது

ஆஃப் செய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். செட்டப் ஃபைலை முன்னாலேயே இறக்கி, மேலே சொன்னபடி சோதித்து, டெஸ்க்டாப்பில் போட்டு வையுங்கள். திறந்திருக்கும் பிரவுசர், மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் மூடுங்கள். பென்டிரைவ் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள், அதிலும் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய் வந்த பென்டிரைவாக இருந்தால் கண்டிப்பாக. ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் அந்தப் பழைய தொல்லை இன்னும் ஒழிந்தபாடில்லை. நிறுவலுக்கு இணையம் தேவையில்லை என்றால் வைஃபையையும் துண்டித்துவிடுங்கள்.

இப்போது விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இடது பக்கம் "வைரஸ் & திரெட் புரொடெக்‌ஷன்" போங்கள். கொஞ்சம் கீழே இறங்கினால் "வைரஸ் & திரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸ்" என்ற தலைப்பும் அதன் கீழே "மேனேஜ் செட்டிங்ஸ்" என்ற நீல இணைப்பும் இருக்கும், அதைச் சொடுக்குங்கள். வரும் பக்கத்தில் மேலேயே "ரியல்-டைம் புரொடெக்‌ஷன்" என்று ஒரு சுவிட்ச். அதை ஆஃப் செய்தால் விண்டோஸ் ஒருமுறை அனுமதி கேட்கும், "யெஸ்" கொடுங்கள். கீழே வலது மூலையில் உள்ள கேடயச் சின்னத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி வந்துவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள்.

அதே பக்கத்தில் கிளவுட் பாதுகாப்பு, மாதிரி அனுப்புதல், "டேம்பர் புரொடெக்‌ஷன்" என்று இன்னும் சில சுவிட்சுகள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். டேம்பர் புரொடெக்‌ஷன் என்பது வேறு எந்த மென்பொருளும் உங்களுக்குத் தெரியாமல் டிஃபெண்டரை நிறுத்திவிடாமல் தடுக்கிற வசதி. நீங்கள் உங்கள் கையால் இந்தச் சுவிட்சை மாற்றுவதற்கு அது தடையே இல்லை, ஆகவே அதை ஆஃப் செய்யச் சொல்லும் வீடியோ எதையாவது பார்த்தால் அத்தோடு மூடிவிடுங்கள். ஃபயர்வாலும் அப்படியே இருக்கட்டும், அது வேறு விஷயம், அதற்கும் ஃபைல் பிடிபடுவதற்கும் சம்பந்தமில்லை.

சுவிட்ச் அணைந்திருக்கும்போது புதிதாக வரும் ஃபைல்கள் எதுவும் உடனுக்குடன் சோதிக்கப்படாது. செட்டப்பை ஓட்டுங்கள், முடியும்வரை கணினி பக்கத்திலேயே இருங்கள், வேறு எந்த வேலையும் அந்த நேரத்தில் வேண்டாம். முடிந்ததும் அதே சுவிட்சைத் திரும்ப ஆன் செய்யுங்கள். மறந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆன் ஆகிவிடும், கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் ஆன் ஆகிவிடும். இது டிஃபெண்டரின் நல்ல குணம், ஆனால் அதை நம்பி விட்டுவிடாமல் நீங்களே ஆன் செய்வது மேல்.

வேறு ஆன்டிவைரஸ் இருந்தால்

வெளி ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அப்போது மேலே சொன்ன சுவிட்சைத் தேடுவதில் அர்த்தமில்லை. வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தி, உங்கள் ஆன்டிவைரஸின் சின்னத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். குயிக் ஹீலில் வைரஸ் பாதுகாப்பை நிறுத்தும் வரி அங்கேயே இருக்கும், எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப ஆன் ஆக வேண்டும் என்றும் கேட்கும். அவாஸ்டில் "ஷீல்ட்ஸ் கன்ட்ரோல்" என்பதன் கீழே 10 நிமிடம், 1 மணி நேரம், ரீஸ்டார்ட் வரை, நிரந்தரம் என்று நான்கு தேர்வுகள். நார்ட்டனில் "ஆட்டோ-புரொடெக்ட்"டை நிறுத்தும்போது 15 நிமிடத்திலிருந்து தேர்வு செய்யலாம். மெக்காஃபியில் மட்டும் மென்பொருளைத் திறந்து உள்ளே "ரியல்-டைம் ஸ்கேனிங்" என்ற இடத்துக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து வரும் கே7 உட்பட மற்றவற்றில் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், தேட வேண்டியது "டிசேபிள்" அல்லது "பாஸ்" என்ற வார்த்தையை.

எதில் கேட்டாலும் குறைந்த நேரத்தையே தேர்ந்தெடுங்கள். "நிரந்தரம்" என்பதைத் தொடவே வேண்டாம். வெளி ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் டிஃபெண்டர் வந்து பார்த்துக்கொள்ளும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆன்டிவைரஸை முழுதாக நீக்கினால்தான் டிஃபெண்டர் பொறுப்பேற்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தினமும் தொல்லை தந்தால்

கணக்கு மென்பொருள் தினமும் மெதுவாகிறது, ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்கள் என்றால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு விலக்கு கொடுங்கள். முன்னே பார்த்த அதே "மேனேஜ் செட்டிங்ஸ்" பக்கத்தின் அடியில் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" இருக்கிறது. ஃபைல், ஃபோல்டர், ஃபைல் வகை, பிராசஸ் என்று நான்கு விதமாகக் கொடுக்கலாம். ஃபோல்டர் கொடுத்தால் அதற்குள் எது வந்து விழுந்தாலும் டிஃபெண்டர் பார்க்காது. பிராசஸ் கொடுத்தால் அந்த மென்பொருள் திறக்கும் ஃபைல்களை மட்டும்தான் உடனடிச் சோதனையிலிருந்து விடும், அதே ஃபைலை வேறு எதுவாவது தொட்டால் சோதிக்கும். கணக்கு மென்பொருளுக்கு பிராசஸ் விலக்கே போதுமானது. சி டிரைவ் முழுவதையும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் விலக்கில் சேர்க்கவே கூடாது. உங்களுக்குத் தெரியாத ஏதாவது அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், இருந்தால் எடுத்துவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

எப்போது நிறுத்தவே கூடாது

இதை அழுத்திச் சொல்கிறேன். கிராக் செய்த மென்பொருள், ஃபோட்டோஷாப் இலவசம், கேம் சீட் என்று எதையாவது இறக்கும்போது கூடவே ஒரு நோட்பேட் ஃபைலில் "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று இருக்கும். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டும் போட்டிருப்பார்கள், பாஸ்வேர்டு இருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது என்பதற்காக. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அதைத் திறக்காதீர்கள். இப்படி வருபவற்றில் பல, கணினியைக் கெடுப்பதில்லை, ஒரு அறிகுறியும் காட்டுவதில்லை. பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் ஆகியிருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் குக்கீகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. குக்கீ கையில் இருந்தால் பல கணக்குகளுக்குள் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே நுழைந்துவிடலாம். பிறகு ஆன்டிவைரஸை ஆன் செய்து என்ன பயன்?

இன்னொன்று, ஃபோனில் அழைத்து "உங்கள் கணினியில் கோளாறு, பேங்கிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள், ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று சொல்லும் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான் (எனிடெஸ்க் என்பது உங்கள் கணினியை வேறு ஒருவர் தூரத்திலிருந்து இயக்க விடும் மென்பொருள்). அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே கணினியைக் கையில் கொடுத்துப் பணம் போய்விட்டது என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, இந்தியாவில் இருப்பவர்கள் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வீட்டில் பெரியவர்கள் கணினி பயன்படுத்தினால் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

திரும்ப ஆன் ஆகிவிட்டதா என்று பார்ப்பது

சுவிட்சை ஆன் செய்ததும் கேடயத்தில் சிவப்புக் குறி போய்விட வேண்டும். பிறகு புதிதாக நிறுவிய ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" கொடுங்கள் (விண்டோஸ் 11-இல் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ளே இருக்கலாம்). கூடவே ஒரு "குயிக் ஸ்கேன்". உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சந்தேகம் இருந்தால் ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பின் தளத்தில் ஒரு சோதனை ஃபைல் கிடைக்கும். வெறும் 68 எழுத்துகள் கொண்டது, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸ்களும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இறக்கிய உடனே அது பிடிபட்டால் காவல் சரியாக இருக்கிறது.

சுவிட்ச் சாம்பல் நிறத்தில் நின்று, இதை நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்ற மாதிரி ஒரு வரி தெரிந்தால், அது அலுவலக லேப்டாப் எனில் ஐடி பிரிவிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் முயல வேண்டாம். சொந்தக் கணினியிலேயே அப்படி வந்தால் கவனம், ஏதோ ஒன்று உள்ளே புகுந்து அமைப்பை மாற்றியிருக்க வாய்ப்பிருக்கிறது. அப்போது "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" போய் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு ஆரம்பியுங்கள், ஏனென்றால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும், சுமார் 15 நிமிடம் ஆகும். அதற்குப் பிறகும் சுவிட்ச் சாம்பலாகவே இருந்தால், முக்கியமான ஃபைல்களை வெளி டிரைவில் காப்பி எடுத்துக்கொண்டு விண்டோசைப் புதிதாக நிறுவுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு ஒரு கணினியிலோ ஃபோனிலோ உட்கார்ந்து மாற்றுங்கள், பேங்க் கணக்கும் மெயிலும் முதலில்.